அப்பா கூப்பிடும் வரை

எங்கள் சபையின் கமிட்டிச் செயலாளர் பதவிக்கு அப்பாவும் மாமாவும் ஒரே நேரத்தில் ஆசைப்பட்டார்கள். மாமா, அம்மாவின் தம்பி. அதனால் அம்மா யார் பக்கமும் சேரவில்லை. இரண்டு பேரையும் பாரபட்சமில்லாமல் கிண்டல் செய்தாள்.

கீழக்குயில்குடிக்குப் போகிற சாலையில், கண்மாயை ஒட்டி இருந்தது எங்கள் ஆலயம். வழக்கமாக ஆராதனை முடிந்ததும் கைதூக்கிச் செயலாளரைத் தேர்ந்தெடுத்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார்கள். அந்த வருடம் புதிதாக வந்திருந்த போதகர் அதற்கு ஒப்பவில்லை. சபையில் தலைவனாக இருக்கிறவன் எப்படிப்பட்டவனாக இருக்க வேண்டும் என்று வேதம் சொல்வதை முதலில் படிப்போம், ஆளை அப்புறம் பார்ப்போம் என்று சொல்லி, சனிக்கிழமை சாயங்காலங்களில் வகுப்பு ஆரம்பித்துவிட்டார். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் குட்டைப் பெஞ்சுகளில் முழங்கால் மோவாயைத் தொட உட்கார்ந்து பெரியவர்கள் குறிப்பு எடுத்தார்கள்.

சபையை நடத்த நினைக்கிறவன் முதலில் தன் வீட்டை நன்றாக நடத்துகிறவனாக இருக்க வேண்டும் என்பது முதல் வகுப்பின் பாடம். அதோடு எங்கள் நிம்மதி போயிற்று. சனிக்கிழமை படிப்பதை வாரம் முழுவதும் பழகிப் பார்க்க அப்பாவுக்குக் கிடைத்த சபை நாங்கள்தான்.

தலைவன் அந்நியரை உபசரிக்கிறவனாக இருக்க வேண்டும் என்று படித்த வாரம், உறவுக்காரர் வந்தாலே பேப்பருக்குள் முகத்தை ஒளித்துக்கொள்கிற அப்பா, பஸ் ஸ்டாப்பில் நின்ற முன்பின் தெரியாத ஒருவரைச் சாப்பிடக் கூட்டிவந்தார். வந்தவரோ பஸ்ஸை விட்டுவிட்ட கடுப்பில் ரசத்தோடு எழுந்துவிட்டார். "உபசரிக்கிற புண்ணியம் ஒங்களுக்கு, அடுப்புல வேகுறது நானு. ரெண்டு பேர்ல யாருங்க செயலாளரு?" என்றாள் அம்மா.

அடுத்த வாரப் பாடம், தலைவன் என்பவன் பணிவிடைக்காரன். ஆண்டவரே சீஷர்களின் காலைக் கழுவினார் இல்லையா? அப்பா ஒரு பேசினில் தண்ணீரும் தோளில் துண்டுமாக வந்து எங்களை வரிசையாக உட்கார வைத்தார். தெருப்பக்க ஜன்னல் திறந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார். என் கால் ஒழுங்காகக் கழுவப்பட்டது. தங்கைக்குக் கூச்சம் அதிகம். பாதத்தில் விரல் பட்டதும் அலறிக்கொண்டு உதைத்தாள். பேசின் அப்பாவின் மடியில் கவிழ்ந்தது. பணிவிடைக்காரர் ஈர வேட்டியோடு எழுந்து அவளை அடிக்கத் துரத்தினார். அவள் கொய்யா மரத்தில் ஏறிக்கொண்டாள். "ஜன்னலச் சாத்தட்டா?" என்று அம்மா உள்ளிருந்து கேட்டாள்.

மூன்றாவது பாடம்தான் அப்பாவைக் கலக்கியது. பிள்ளைகள் தகப்பனுக்குக் கீழ்ப்படிகிறவர்களாக இருக்க வேண்டும். சொந்தப் பிள்ளையை அடக்கத் தெரியாதவன் சபையை எப்படி விசாரிப்பான்?

"ஒன் தம்பிக்கு என்ன கவலை?" என்று அம்மாவிடம் பொருமினார் அப்பா. "கல்யாணமே ஆகல. பிள்ளையே இல்லாதவன் எப்படி இந்தப் பரீட்சையில தோப்பான்?"

நான் இயல்பிலேயே பயந்தாங்கொள்ளி என்பதால் கீழ்ப்படிதலில் தேறியவன். தங்கை அப்படியல்ல. வா என்றால் போவாள், போ என்றால் மரமேறுவாள். அதட்டலும் மிட்டாயும் பலிக்காமல் போகவே, அப்பா அதை ஒரு விளையாட்டாக மாற்றினார். ஓர் இடத்தில் நிற்க வேண்டும். அப்பா பேர் சொல்லிக் கூப்பிட்டால் மட்டும் ஓடி வர வேண்டும். வேறு யார் கூப்பிட்டாலும் அசையக் கூடாது. அது அவளுக்குப் பிடித்துவிட்டது. அம்மா கூப்பிட்டுப் பார்த்தாள், நான் கிச்சுகிச்சு மூட்டினேன், அடுத்த வீட்டு அத்தை முறுக்கைக் காட்டினார். ம்ஹும். அப்பா கூப்பிட்டதும் பாய்ந்து வந்து அவர் இடுப்பில் மோதுவாள். அவளுடைய பிடிவாதம்தான் சட்டையை மாற்றிக்கொண்டு கீழ்ப்படிதலாக நிற்கிறது என்பது அப்பாவுக்குத் தெரியவில்லை. பூரித்துப் போனார்.

அறுப்பின் பண்டிகை வந்தது. அதற்கு அடுத்த ஞாயிறு செயலாளரைத் தேர்ந்தெடுப்பதாக இருந்தது. பண்டிகையன்று, விளைந்ததையும் வளர்த்ததையும் ஆலயத்தில் கொண்டுவந்து படைப்போம். ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் அதையே ஏலம் விடுவார்கள். சபைக்குக் கொடுத்த சேவலைப் பிரிய மனமில்லாமல் தானே அதிக விலைக்கு எடுத்துக்கொண்டு போகிறவர்களும் உண்டு.

ஏலத்துக்கு முன் ஆலயத்தின் பின்பக்கம் போதகர் தனியாக அகப்பட்டார். அப்பா தங்கையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். நானும் ஓடினேன்.

"ஐயா, இவ நம்ம சொல்லைத் தட்ட மாட்டா. பாருங்களேன்" என்றவர், பாய்களை அடுக்கி வைக்கும் தகரக் கொட்டகையின் ஓரத்தில் அவளை நிறுத்தினார். "பாப்பா, அப்பா கூப்பிட்டாத்தான் வரணும், என்ன?"

அவள் விறைப்பாக நின்றாள். போதகர் சிரித்து, "சந்தோஷம்ணே" என்றார். பக்கத்துத் தெருவில் படுக்கையில் கிடந்த ஒருவருக்கு ஜெபம்பண்ண அவர் போக வேண்டியிருந்தது. போய்விட்டார். அவர் இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்ப்பார் என்று எதிர்பார்த்த அப்பாவுக்கு முகம் சுண்டியது. அதற்குள் முற்றத்திலிருந்து கூச்சல். "அண்ணே, ஓடியாங்க! சேவல் கயித்த அத்துக்கிட்டு ஓடுது!" அப்பா ஓடினார். சேவல் என்றால் நானும் ஓடத்தானே வேண்டும்?

அன்று ஏலம் கூறியது அப்பாதான். ஒவ்வொரு பூசணிக்காயையும் குழந்தையைப் போலத் தூக்கிக் காட்டினார். "இம்புட்டுதானா? கர்த்தர் கொடுத்த பூசணிக்கு இம்புட்டுதானா மாப்ள?" என்று மாமாவையே வம்புக்கு இழுத்தார். மாமா ரோஷத்தில் மூன்று பூசணி எடுத்தார். சிரிப்பு அடங்கும் முன்னே மேற்கே இருட்டிக்கொண்டு வந்து மழை அடித்தது. வாழைத்தார்களையும் கோழிகளையும் தூக்கிக்கொண்டு எல்லாரும் ஆலயத்துக்குள் ஓடினோம்.

அப்போதுதான் அம்மா கேட்டாள். "பாப்பா எங்க?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். "ஒன்னோட இல்ல?"

"நீங்கதானே கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனீங்க?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குச் சேவல்தான் ஞாபகம் வந்தது.

கண்மாய் அந்த வருடம் நிறைந்திருந்தது. ஆலயத்துக்கும் அதற்கும் நடுவில் சுற்றுச்சுவர் இல்லாத கிணறு வேறு. அப்பா கண்மாய்க்கரையை நோக்கி ஓடினார். ஒரு செருப்பு சேற்றிலேயே நின்றுவிட்டது. மாமா யாரையும் கேட்கவில்லை. பண்டிகைக்குத் தைத்த வெள்ளைப் பேன்ட்டோடு கிணற்றுக்குள் இறங்கினார். அவருக்கு நீச்சல் அரைகுறை. அம்மா ஆலய வாசலில் நின்று தங்கையின் பேரைச் சொல்லிக் கத்தினாள். நானும் அழுதுகொண்டே கத்தினேன். மழை தகரத்தில் கொட்டுகிற சத்தம் மட்டும்தான் பதிலாக வந்தது.

நனைந்த குடையோடு திரும்பி வந்த போதகர் விஷயத்தைக் கேட்டதும், "கொட்டகைகிட்டப் பாத்தீங்களா?" என்றார். யாரும் பார்த்திருக்கவில்லை. பயத்தில் மனிதனுக்குத் தண்ணீர் இருக்கிற இடம் மட்டும்தான் நினைவுக்கு வரும் போலிருக்கிறது.

தகரத்தின் விளிம்பில் வழிந்த தண்ணீருக்குப் பின்னால், வைத்த இடத்தில், கைகளை ஒட்டி வைத்துக்கொண்டு அவள் நின்றிருந்தாள். உதடு நடுங்கிக்கொண்டிருந்தது.

"வாம்மா" என்றார் போதகர்.

"நீங்க கூப்பிட்டா வரக் கூடாது."

"அம்மா இம்புட்டு நேரம் கூப்பிட்டாங்களே, கேக்கலையா?"

"கேட்டுச்சு. அம்மா கூப்பிட்டாலும் வரக் கூடாது."

போதகர் அவளைத் தூக்கிவிடுவார் என்று நினைத்தேன். அவர் குடையை அவள் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு, கூடவே நின்றார். "தம்பி, போய் அப்பாவக் கூட்டிட்டு வா" என்றார் என்னிடம்.

அப்பா வந்தார். இடுப்புவரை கண்மாய்ச் சேறு. அவளைப் பார்த்ததும் கொஞ்சம் தள்ளியே நின்றுவிட்டார். வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை.

"கூப்பிடுங்கப்பா, காலு வலிக்குது" என்றாள் தங்கை.

மறுபடியும் திறந்தார். மூடினார். பிறகு அந்தச் சேற்றிலேயே முழங்காலிட்டு இரண்டு கையையும் நீட்டினார்.

தங்கைக்குக் குழப்பமாகிவிட்டது. அண்ணாந்து போதகரைப் பார்த்தாள். "இது கூப்பிட்ட கணக்கா?"

"ஆமா பாப்பா. ஓடு" என்றார் போதகர்.

அடுத்த ஞாயிறு அப்பா எழுந்து, போட்டியிலிருந்து தன் பேரை விலக்கிக்கொள்வதாகவும், மாமாவைச் செயலாளராக்கலாம் என்றும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். எனக்குக் கோபமான கோபம். தங்கை கீழ்ப்படிந்ததுபோல் உலகத்தில் எந்தப் பிள்ளை கீழ்ப்படிந்திருக்கும்? பரீட்சையில் முதலாவதாகத் தேறிவிட்டு, பரிசு கொடுக்கும் நேரத்தில் யாராவது எழுந்து போவார்களா? அம்மாவிடம் நியாயம் கேட்டேன். "பரீட்சை அவளுக்கு இல்லடா" என்று மட்டும் சொன்னாள். அன்று கிண்டலே செய்யவில்லை.

போன மாதம் டியூஷனிலிருந்து வர வேண்டிய என் மகள் வரவில்லை. போன் அணைந்திருந்தது. சிம்மக்கல் பஸ் ஸ்டாப்பில் ஒவ்வொரு பஸ்ஸாக ஏறி இறங்கிப் பார்த்தேன். கடைசியில், ஒரு ஜெராக்ஸ் கடை ஸ்டூலில் உட்கார்ந்து போனுக்குச் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருந்தாள். திட்டுவதற்கு வழிநெடுக வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். அவளைப் பார்த்ததும் பேர்கூட வாயில் வரவில்லை. "என்னப்பா, தொண்டை கட்டிருச்சா?" என்று கேட்டாள்.

அந்தப் பண்டிகை நாள் சாயங்காலம் வீடு திரும்பியபின்னும் அப்பா பேசவில்லை. ஏலம் போட்டுப் போட்டுத் தொண்டை போய்விட்டது என்று முடிவு செய்தேன். நானாகவே வெந்நீர் வைக்கச் சொல்லி, உப்புப் போட்டு, டம்ளரை அவரிடம் நீட்டினேன். என்னைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு வாங்கி, முற்றத்துக்குப் போய்க் கொப்பளித்தார். "பூசணிக்காய்க்குப் போய் அம்புட்டுக் கத்தலாமாப்பா?" என்று கேட்டேன். கத்தக் கூடாது என்று தலையை ஆட்டினார்.