தம்பி இல்லை என்று சொன்ன வலி

அந்தச் சலவைக் கடைக்குத் துணி போட வருகிறவர்கள் அக்காவைப் பம்பரம் என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேராக இல்லை, படி இறங்கிய பிறகு. கடையின் முன்மேசைக்கும் பின்பக்கத் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே, காலில் சக்கரம் கட்டியவள் மாதிரி காலையிலிருந்து சாயங்காலம் வரை நடந்துகொண்டே இருப்பாள். உட்காரச் சொன்னால் உட்கார்வாள். நாற்காலி சூடாவதற்குள் எழுந்துவிடுவாள். பாதி அவள் சுபாவம், பாதி அவள் சாப்பிடும் மாத்திரை. அந்த நடைக்கு நடுவில்தான் சட்டைகளை மடிப்பாள். அவள் மடித்ததைப் பிரிக்க மனசு வரவில்லை என்று ஒரு வக்கீல் சொல்லியிருக்கிறார். வக்கீல் சும்மா எதையும் சொல்கிறவர் இல்லை.

சின்ன வயதிலேயே அவளுக்குக் குரல்கள் கேட்க ஆரம்பித்துவிட்டன. சுவருக்குள்ளிருந்து ஆள் பேசினான். தெருவில் போகிறவர்கள் அவள் நினைப்பதைப் படித்தார்கள். மனநல ஆஸ்பத்திரிக்குப் போவதும் வருவதுமாக இருந்து, ஒருவழியாக மாத்திரை பிடித்துக்கொண்டபோது, அவள் கல்யாணப் பேச்சை வீட்டில் எல்லோரும் மறந்திருந்தார்கள். அப்பாவும் அம்மாவும் போன பிறகு தம்பிக்காரன் அவளைத் தன்னோடு வைத்துக்கொண்டான். தியாகி என்று மாலை போட்டுவிட வேண்டாம். அவனும் லேசுப்பட்ட ஆள் இல்லை. நகம் கடிப்பான், பூட்டிய கதவைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்ப்பான். அக்கா இல்லாவிட்டால் வேறு எதற்காவது கவலைப்பட்டுக்கொண்டிருப்பான்.

இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். அக்காவுக்கு ஏதாவது கேட்டால், தெரிந்தால், நாறினால், அவனிடம் வந்து ஒரே வார்த்தை கேட்பாள்: இருக்கா? அவன் போய்ப் பார்த்துவிட்டு இருக்கு என்பான், அல்லது இல்லை என்பான். இல்லை என்று சொல்லிவிட்டால் அதோடு முடிந்தது. சுவருக்குள் இருப்பவன் தொண்டை கிழியக் கத்தினாலும் அவள் பாட்டுக்குச் சட்டை மடிப்பாள். ஒரு தடவை துணி கருகுகிற வாசனை வருகிறதே, இருக்கா என்று கேட்டாள். பழக்கத்தில் 'இல்லை' என்று சொல்ல வாயெடுத்தவன், எதற்கும் எழுந்து போனான். அவன் வைத்த இஸ்திரிப் பெட்டிக்குக் கீழே யாரோ ஒருவருடைய கால்சட்டை புகைந்துகொண்டிருந்தது. இருக்கு என்று ஒத்துக்கொண்டான். அவன் எதையும் பார்க்காமல் சொன்னதில்லை, விளையாட்டுக்குக்கூடப் பொய் சொன்னதில்லை. அந்த நம்பிக்கையில்தான் அவள் இத்தனை வருஷம் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்காமல் வீட்டில் இருந்தாள். அவனுக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான்.

அறுபதைத் தாண்டியிருந்த அக்கா, ஒருநாள் ஈரப் போர்வையைக் கொடியில் எடுத்துப் போட்டுவிட்டு நேரே அவனிடம் வந்தாள்.

"முதுகுல ஒருத்தன் சுத்தியலால அடிக்கிறான். இருக்கா?"

அவன் வேலையை விட்டுவிட்டு அவள் பின்னால் போய் நின்று பார்த்தான். யாரும் இல்லை. இல்லக்கா என்றான். சில நாள் கழித்து, சுத்தியல்காரனை விட்டுவிட்டு, முதுகில் வலி இருக்கா என்று கேட்டாள். அப்போதும் அவன் ஏனோதானோ என்று சொல்லவில்லை. மனைவியைக் கூப்பிட்டு முதுகைப் பார்க்கச் சொன்னான். வீக்கமில்லை, சிவப்பில்லை, ஒரு கீறல்கூட இல்லை.

"ஒண்ணும் இல்லக்கா" என்றான்.

அக்கா தலையாட்டினாள். இல்லை என்று ஆனதை மறுபடி கேட்பது அவர்கள் வழக்கத்தில் கிடையாது. அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். இவளுக்கு வந்தது இவளுக்கே தெரியக்கூடாது என்று ஆகிவிட்டது.

ஆனால் நடை கூடிவிட்டது. படுத்தால் எழுந்தாள், எழுந்தால் நடந்தாள், நடக்கும்போது சுவரைப் பிடித்தாள். மடிப்புக் கோணலாயிற்று. தம்பிக்காரன் பழைய வியாதி தலைதூக்குகிறது என்று முடிவே கட்டிவிட்டான். மாத்திரையை விழுங்கினாளா, நாக்குக்கு அடியில் ஒளித்தாளா என்று வாயைத் திறந்து காட்டச் சொன்னான். கத்தரிக்கோலை எடுத்து மேல்தட்டில் வைத்தான். கடையில் வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டிருக்கும்போதே அவன் கண் பின்பக்கம் ஓடிவிடும். மிச்சச் சில்லறை மாறிப்போகும், துணிச்சீட்டு மாறிப்போகும். ஒருவருடைய கோட்டை இன்னொருவருக்குக் கொடுத்து, தெருமுனை வரை ஓடிப்போய் வாங்கிக்கொண்டு வந்தான்.

அக்காவின் கவுன் தரையில் புரண்டு ஓரம் அழுக்கானது. துணியை ஒழுங்காகப் போடக்கூடத் தெரியாமல் போயிற்றே என்று முணுமுணுத்துக்கொண்டு, அவனே ஊசி எடுத்துக் கீழ்மடிப்பை உயர்த்தித் தைத்தான். கொஞ்ச நாளில் மறுபடி புரண்டது. மறுபடி தைத்தான். துவைத்தால் துணி சுருங்கும், நீளாது. வாழ்நாள் முழுக்கத் துணியோடு மாரடிக்கிற மனுஷனுக்கு அது உறைக்கவில்லை. ஹேங்கர் மாட்டும் கம்பி எட்டவில்லை என்று அவள் நின்றபோதும், பிடிவாதம் என்று நினைத்துக் கம்பியைத்தான் இறக்கினான்.

மனைவி மட்டும் ஒருமுறை சொன்னாள், உங்க அக்கா எழுந்திருக்கும்போது பல்லைக் கடிக்கிறாங்க, வேற டாக்டர்கிட்ட காட்டலாமா என்று. அவன் எரிந்து விழுந்தான். இவ்வளவு வருஷமாகப் பார்க்கிற எனக்குத் தெரியாதா என்றான்.

மனநல டாக்டரிடம் போனபோது எப்போதும் போல அவனே பேசினான். தூக்கம் இல்லை, ஓயாத நடை, முகத்தில் ஒரு வேதனை. டாக்டர் அக்காவைப் பார்த்து வேறு ஏதாவது தொந்தரவு உண்டா என்று கேட்டார். அக்கா தம்பியைப் பார்த்தாள். பிறகு இல்லை என்றாள். டாக்டர் ஒரு மாத்திரையைக் கூட்டினார். அது நடையைக் குறைக்கவில்லை, தள்ளாட்டத்தைத்தான் கொடுத்தது.

விழுந்தது ஒரு மத்தியானம். கையில் பெரிய மூட்டைகூட இல்லை, நாலு தலையணை உறைகள். தொட்டிப் பக்கமிருந்து திரும்பியவள் கால் பின்னிப் பக்கவாட்டில் சாய்ந்தாள். ஈரத்துணி விழுகிற சத்தம்தான் கேட்டது. அவன் ஓடிப்போனபோது அவளுடைய ஒரு கால் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. அந்த மாதிரி எந்தக் காலும் திரும்பாது. அவள் கத்தவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு அவனைப் பார்த்து, இருக்கா என்று கேட்டாள்.

"இருக்குக்கா, இருக்கு" என்றான்.

ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டரம்மா எக்ஸ்ரே படங்களை வெளிச்சத்தில் மாட்டி அவனைக் கூப்பிட்டுக் காட்டினார். இடுப்பு எலும்பு உடைந்தது இன்றைக்கு. அது போக, முதுகெலும்பில் மூன்று இடம் நசுங்கியிருந்தது. அதெல்லாம் பழசு, பல மாதமாக இருக்கும் என்றார். உங்க அக்கா உயரம் குறைஞ்சிருப்பாங்களே, கவனிக்கலையா என்று கேட்டார். அவனுக்கு அந்தக் கவுன் ஓரம் ஞாபகம் வந்தது.

டாக்டரம்மா பொறுமையாகவே சொன்னார். வயதான பெண்களுக்கு எலும்பு மெலியும். மனசுக்கான மாத்திரைகளில் சிலவற்றை வருஷக்கணக்கில் சாப்பிட்டால் இன்னும் மெலியும். வெயிலே படவில்லை என்றால் கேட்கவே வேண்டாம். அக்காவுக்கு வெயில் பட்டால் தோல் எரிகிறது என்று அவன்தான் அவளைக் கடைக்குள்ளேயே வைத்திருந்தான். அதுவும் மாத்திரையின் வேலை. அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், இனிமேல் எலும்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றார். அறுவை செய்தால் நடக்கலாம், முன்னே மாதிரி நடப்பாளா என்று இப்போது சொல்ல முடியாது. உட்காரவே தெரியாத ஒருத்தியைப் பற்றி இதைக் கேட்டுக்கொண்டு அவன் நின்றான்.

கட்டில் பக்கம் வந்ததும் டாக்டரம்மா அக்காவிடமே கேட்டார், இவ்வளவு வலியை ஏன் யார்கிட்டயும் சொல்லல என்று.

"தம்பிகிட்ட கேட்டேன்" என்றாள் அக்கா. "இல்லன்னு சொன்னான். அவன் பொய் சொல்லமாட்டான்."

அதில் கோபம் கொஞ்சம்கூட இல்லை. கோபப்பட்டிருந்தால் அவன் தாங்கியிருப்பான். வராந்தாவுக்குப் போய் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தான், ஜன்னலை எண்ணினான், எண்ணியதை மறந்தான். நான் பார்த்துத்தானே சொன்னேன் என்று தனக்குள் வாதாடினான். பார்த்தால் தெரிகிறதா வலி? இவ்வளவு பெரிய மடையனாக ஒருவன் இருக்க முடியுமா என்று தன்னையே திட்டிக்கொண்டான். திட்டியும் ஆறவில்லை.

அறுவை முடிந்து, அவளை எழுப்பி நிறுத்திப் பார்க்க ஒரு காலையில் நர்சும் நடைப் பயிற்சி கொடுப்பவரும் வந்தார்கள். கால் தரையில் பட்டதும் அக்காவின் முகம் வெளுத்தது. சத்தம் வரவில்லை. நர்ஸ் அவசரத்தில் இருந்தாள். ஊசி போட்டாச்சு, வலி இருக்காது, பயப்படாம நில்லுங்க என்றாள். பயிற்சி கொடுப்பவர் இன்னொரு அடி வைக்கச் சொன்னார்.

அக்கா தம்பியைப் பார்த்தாள். அவள் கேட்கவே வேண்டாம், கேள்வி என்ன என்று அவனுக்குத் தெரியும். இத்தனை வருஷமும் பதிலை வைத்திருந்தவன் அவன். இருக்கு என்று சொல்லலாம், அவள் உடனே நம்புவாள். ஆனால் நாளைக்கும் அவனைத்தான் கேட்பாள். அவன் இல்லாத நாளில் யாரைக் கேட்பாள்?

"எனக்குத் தெரியாதுக்கா" என்றான். "வேற எதுவானாலும் என்னைக் கேளு. இத நீதான் சொல்லணும்."

அக்கா மிரண்டுபோனாள். கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு நர்சைப் பார்த்தாள், தன் காலைப் பார்த்தாள், மறுபடி அவனைப் பார்த்தாள். அவன் வாயைத் திறக்கவில்லை. திறக்காமல் இருப்பதற்குள் அவனுக்கு உயிர் போய்விட்டது.

"வலிக்குது" என்றாள் அக்கா.

மெதுவாகத்தான் சொன்னாள், சரியா தப்பா என்று தெரியாதவள் மாதிரி. 'இல்லை' என்று யாரும் சொல்லவில்லை. அதனால் இன்னொரு தடவை சொன்னாள், கொஞ்சம் உரக்க. பிறகு அடக்கி வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து வெளியே வந்தது. வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள், அழுதாள். நர்ஸ் சங்கடப்பட்டு, இவங்க எப்பவுமே இப்படித்தானா என்று தம்பிக்காரனைக் கேட்டாள்.

"இல்லம்மா, இப்பதான் சொல்றாங்க" என்று சொல்லிவிட்டு, செருப்பைக்கூட மாட்டாமல் அவன் டாக்டரைக் கூட்டிவர ஓடினான்.