முதலுதவிப் பெட்டியில் இல்லாத பொருள்

கல்லூரியின் நிலவியல் துறையில் களப்பணி உதவியாளன் என்றால், கோடி ஆண்டுகளுக்கு முன் செத்துக் கல்லாகிப்போனவற்றைப் பொறுக்கப் போகும் மாணவர்களை அன்று மாலை உயிரோடு திருப்பிக் கொண்டுவருகிறவன் என்று பொருள்.

பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவே, காரை என்ற ஊரின் பக்கத்து ஓடைகளில் எங்கள் வேலை. வெடித்த களிமண், மருந்துக்கும் நிழல் கிடையாது, செல்போனில் கோடு நிற்காது. நான் பயந்த சுபாவக்காரன். பயத்துக்கு மருந்து படிப்பு என்று நம்பி முதலுதவிப் புத்தகங்களாக வாங்கிப் படித்தேன். பயம் அட்டவணையோடு வளர்ந்தது. ஊருக்குக் கிளம்பும்போது எதை எடுப்பது, எதை விடுவது என்று திறந்த பையின் முன் உட்கார்ந்துவிடும் வாசகர்கள் என் கட்சிக்காரர்கள். மேலே படியுங்கள்.

பிளேடும் கயிறும்

எனக்கு முன் இருந்தவர் விட்டுப்போன பெட்டியில் காய்ந்த டிஞ்சர் புட்டி, அரைச் சுருள் பஞ்சு, ஒரு பிளேடு, இரண்டு முழம் நைலான் கயிறு இருந்தன. பிளேடும் கயிறும் பாம்புக்கடிக்காம். கட்டவும் கூடாது, கீறவும் கூடாது என்று எல்லாப் புத்தகங்களும் ஒரே குரலில் சொல்லியிருந்தன. இரண்டையும் குப்பையில் போட்டேன்.

துறையின் ஜீப்பை ஓட்டுபவர் சாதிக் பாய். குப்பைத் தொட்டியிலிருந்து கயிற்றை மட்டும் எடுத்து, தூசி தட்டி, தன் சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"புத்தகம் எழுதினவரு காரை ஓடைக்கு வந்திருக்காரா சார்?"

கதண்டு

ஒரு மாணவன் பாறையில் சுத்தியலால் அடித்தான். பக்கத்துப் பனையில் கதண்டு என்கிற விஷக் குளவியின் கூடு இருந்தது அதன் பிறகுதான் தெரிந்தது. பதினெட்டுப் பேரும் ஓடைக்குள் விழுந்து தார்ப்பாயை மேலே இழுத்துக்கொண்டோம். வெளியே நாலு மோட்டார் ஓடுவதுபோல் இரைச்சல். என் பெட்டியில் ஒவ்வாமை மாத்திரை பத்துதான். யாருக்குக் கொடுப்பது, யாரை விடுவது என்று முணுமுணுத்தபடி தலைகளை எண்ணினேன்.

எனக்குப் பக்கத்தில் கிடந்தவள் அஞ்சலை. காரைக்காரி, எங்களுக்கு வழிகாட்டி, பொறுக்கிய கல்லைச் சுமப்பவளும் அவளே.

"மாத்திரைய அப்பறமா எண்ணுங்க சார். இப்ப வாய மூடுங்க."

எடை

அதன் பிறகு பெட்டி பெருத்தது. கத்தரி, எலும்பு முறிந்தால் வைத்துக் கட்டும் மட்டை, கட்டுத்துணி, உப்புச் சர்க்கரைப் பொட்டலம், விசில் என்று நாற்பத்தொரு பொருள்கள். அதில் குளிரில் விறைத்தவருக்குப் போர்த்தும் வெள்ளித்தாளும் ஒன்று. அரியலூர் வெயிலில் யார் விறைப்பார்கள் என்று கேட்காதீர்கள்; புத்தகத்தில் இருந்தது. அஞ்சலை பெட்டியைத் தலையில் வைத்துப் பத்தடி நடந்து, இறக்கிவிட்டாள்.

"இதத் தூக்கிட்டு வரவளுக்குத்தான் மொதல்ல வைத்தியம் பாக்கணும்."

மெட்டி

போன தை மாதம், காலை பதினொரு மணி. அஞ்சலை ஒரு கல்லைப் புரட்டினாள். குக்கரிலிருந்து ஆவி பீறிடுவதுபோல் ஒரு சீற்றம். "கண்ணாடி விரியன் சார்," என்று அவளே சொன்னாள். இடது கணுக்காலில் இரண்டு புள்ளிகள். நான் மனப்பாடம் செய்திருந்த பக்கங்கள் எல்லாம் பறந்துவிட்டன; 'கட்டாதே' என்ற ஒரு சொல்தான் மிஞ்சியது. ஓடிவந்த சாதிக் பாய் கையில் அந்தக் கயிறு.

"கட்டுங்க பாய்! வெஷம் ஏறுது," என்றாள் அஞ்சலை.

"கட்டக் கூடாது," என்றேன்.

"எனக்கு ஒன்னு ஆச்சுன்னா எம்புள்ளைங்களுக்கு நீங்கதான் பதில் சொல்லணும்."

புத்தகம் பொய்யானால் என்ன பதில் சொல்வது? ஆனாலும் கயிற்றைப் பிடுங்கித் தூர எறிந்தேன். காலை அசையாமல் மட்டையில் வைத்துத் தளர்வாகத் துணி சுற்றினேன். அதற்குள் பாதம் வீங்கத் தொடங்கியது. விரலில் மெட்டி. இப்போது கழற்றாவிட்டால் அது விரலையே அறுத்துவிடும்.

காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். "அவுரு லாரில போயிருக்காரு சார். ரோட்டுல இருக்கற மனுசன். நான் மெட்டியக் கழட்டுவனா?" பாம்புக்கு அழாதவள் இதற்கு அழுதாள். எந்தப் புத்தகத்திலும் இதற்குப் பக்கம் இல்லை.

சாதிக் பாய் அவள் பக்கத்தில் குந்தினார். "தங்கச்சி, வெரலே போயிட்டா அவன் வந்து மெட்டிய எதுல போடுவான்?"

அவள் கண்ணை மூடிக்கொண்டு காலை நீட்டினாள். மெட்டி நகரவில்லை. எச்சிலைத் தொட்டு இழுத்தேன், அசையவில்லை. நாற்பத்தொரு பொருளில் வழுக்குகிற பொருள் ஒன்றுகூட இல்லை. கண்ணைத் திறக்காமலே அவள்தான் சொன்னாள்: "என் தூக்குவாளில மாங்கா ஊறுகா இருக்கு. எண்ணெய வழிச்சு எடுங்க."

கடிவாயில் படாமல் விரலில் மட்டும் தடவி முறுக்கினேன். வந்துவிட்டது. அதைத் தாலிச் சரட்டில் அவளே முடிந்துகொண்டாள். நாலு மாணவர்கள் தார்ப்பாயில் தூக்கினார்கள். சாதிக் பாய் எப்போதும் ஜீப்பை ரோட்டைப் பார்க்கத் திருப்பித்தான் நிறுத்துவார். அந்தப் பழக்கத்தின் அருமை அன்று தெரிந்தது. வாய்க்குள் ஓதிக்கொண்டே ஓட்டினார். நான் அவள் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் விரல்களில் ஊறுகாய் வாசம்.

பெரம்பலூர் பெரியாஸ்பத்திரியில் நர்ஸம்மா முதலில் கெண்டைக்காலைத் தடவிப் பார்த்தார்.

"கயிறு கட்டாமக் கொண்டாந்தீங்களே, அதுவே பெரிய புண்ணியம்."

பரிசோதனை

விஷமுறிவு மருந்து ஏறி, பல நாள் படுத்து, கால் பிழைத்தது. சித்திரையில் அஞ்சலை திரும்பி வந்தாள், விரலில் மெட்டி. கணவரே போட்டுவிட்டாராம். சாதிக் பாய் நான் தூர எறிந்த அதே கயிற்றால் ஜீப்பின் ஆடுகிற பின்கதவைக் கட்டியிருந்தார். நான் பெட்டியைத் திறந்து, புதிதாக வைத்த தேங்காய் எண்ணெய்ப் புட்டியைக் கொஞ்சம் பெருமையாகவே காட்டினேன். அவள் மூடியைத் திருகி முகர்ந்து பார்த்தாள்.

"எண்ணெ சரி. ஊறுகா எங்க சார்?"

பயத்தில் நான் கட்டிவைத்தவை நாற்பத்தொன்று, அன்று கைகொடுத்தவை மட்டை, துணி, ஊறுகாய் எண்ணெய் என்று மூன்று, அதிலும் ஒன்று அவள் பசிக்குக் கட்டிவந்தது.