சுண்ணாம்பில் கழுவிய புழுக்கள்

என் அம்மா தங்கமணி போத்தனூரில் ஒரு கறிக்கடையில் ஆட்டுக்குடல் கழுவுகிறார். பள்ளியில் இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

போன வருடம் சண்முகப்பிரியா என்ற ஆராய்ச்சி மாணவி, குடலில் கிடைக்கும் நாடாப்புழுக்களைக் கேட்டு அம்மாவிடம் வந்தார். புழுவின் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள மரபணுக்களை மற்ற ஊர்ப் புழுக்களோடு ஒப்பிட்டால், எந்த இனம் எதிலிருந்து எப்போது பிரிந்தது என்று தெரியுமாம். எடுத்தவுடன் ஸ்பிரிட் பாட்டிலில் போட்டால் போதும் என்றார்.

முதல் புழுவைப் பார்த்ததும் எனக்குக் கூசியது.

"இப்படியேவா குடுப்பே? நம்மளப் பத்தி என்ன நெனப்பாங்க? குடலாட்டமே கழுவிக் குடும்மா."

"அவங்க கழுவச் சொல்லலையே கண்ணு."

"பன்னெண்டாவது படிச்ச எனக்குத் தெரியாதா?"

அதன்பின் அம்மா ஒவ்வொரு புழுவையும் சுண்ணாம்பும் கொதிக்கும் தண்ணீரும் விட்டு வெளுக்கக் கழுவித்தான் பாட்டிலில் போட்டார். மூன்று மாதத்தில் நாற்பது பாட்டில் சேர்ந்தது.

சண்முகப்பிரியா வாங்கிப்போய் ஆய்வகத்தில் பார்த்தபோது, சுண்ணாம்பும் சூடும் சிதைத்ததில் ஒன்றிலும் படிக்கும்படியான மரபணு மிஞ்சவில்லை. அவர் திரும்பி வந்தார்.

"எதுலயாச்சும் கழுவுனீங்களாங்க்கா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நாந்தானுங்க அம்மணி, சுண்ணாம்புல கழுவிப்போட்டேன்" என்றார் அம்மா.

"கல்யாணப் பொண்ணைக்கூட இப்படிக் குளிப்பாட்ட மாட்டாங்க, போங்க்கா!" என்று அவர் சிரித்தார். ஆனால் கண் கலங்கியிருந்தது.

அவர் போனதும், "ஏம்மா என்னைச் சொல்லலை?" என்றேன்.

"படிச்ச புள்ளைக்கு இதுகூடத் தெரியாதான்னு கேப்பாங்களே கண்ணு."

மைட்டோகாண்ட்ரியா படம் வரைந்து முழு மதிப்பெண் வாங்கியவள் நான். சண்முகப்பிரியாவிடம் இன்னும் உண்மையைச் சொல்லவில்லை.