ஆடியில் திறந்த கட்டடங்கள்

எங்கள் கல்லூரி பல்கலைக்கழகமாக உயர்ந்த வருடம், வளாகத்துக் கட்டடங்களின் வரலாற்றை எழுதும் வேலையை என் தலையில் கட்டினார்கள். நான் வரலாற்றுத் துறையில் இருக்கிறேன் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் கிடையாது. வணிகவியல் துறைக்காரர்களைப் பிடித்து யாராவது வீட்டு வரவு செலவு எழுதித் தரச் சொல்கிறார்களா? வரலாறு என்றால் மட்டும் எல்லாருக்கும் இளக்காரம். மாட்டேன் என்று சொல்லத்தான் போனேன். ஆனால் கேட்டவர் மதர். பல்கலைக்கழகம் ஆனபிறகு அவருடைய பதவிக்கு நீளமாக ஒரு பெயர் வந்துவிட்டது என்றாலும் எங்களுக்கு அவர் மதர்தான். மலைக்கு அந்தப் பக்கம் கட்டப்பனையில் பிறந்து, துறவு மடத்தில் சேர்ந்து, இங்கே வந்து தமிழ் கற்றுக்கொண்டவர். "நீ இங்கயே படிச்சு இங்கயே வேலைக்கு வந்தவளல்லே, உனக்குத் தெரியாத கட்டடமா?" என்றார். அவர் சிரித்தால் எனக்கு மறுப்புச் சொல்ல வராது.

ஆகவே அளவு டேப்பும் கையுமாக வளாகத்தைச் சுற்ற ஆரம்பித்தேன். எங்களுடையது சின்னமனூர்ச் சாலையில், தெற்கே மேகமலையைப் பார்த்தபடி இருக்கிற வளாகம். ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு புனிதரின் பெயர் உண்டு. ஒரு பெயரும் யார் வாயிலும் நுழைவதில்லை. மாணவிகளுக்கு அவையெல்லாம் குடோன், லேப், லைப்ரரி, ஹால், கோயில். எல்லாவற்றின் முகப்பிலும் சலவைக்கல் பதித்திருக்கிறார்கள். இன்ன ஆண்டகை அவர்களால் அர்ச்சித்துத் திறந்து வைக்கப்பட்டது என்று எழுதியிருக்கும். வரிசையாகப் படித்துக்கொண்டு போனபோது ஒன்று கண்ணில் பட்டது. எல்லாக் கல்லிலும் ஜூலை மாதம்.

அதிலே பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. ஜூனில் கல்லூரி திறக்கும். அதற்குள் முடித்துத் தருகிறேன் என்று மேஸ்திரி சத்தியம் செய்வார். மேஸ்திரிகளின் சத்தியம் ஒரு மாதம் தள்ளித்தான் பலிக்கும். ஜூலைக் கடைசியில் ஆயர் வந்து மந்திரித்து, ரிப்பன் வெட்டி, லட்டு சாப்பிட்டுப் போவார்.

எனக்குப் புரியாதது இன்னொன்று. ஒவ்வொரு கட்டடத்திலும் பக்கவாட்டில் ஒரு கதவு இருந்தது. ஆள் குனிந்து போகிற உயரம், ஒற்றைப் பலகை, எந்தப் பிரயோசனமும் இல்லாத இடம். லேபில் அந்தக் கதவைத் திறந்தால் நேரே சாக்கடைக்குள் கால் வைக்க வேண்டும். ஹாலில் அது மேடைக்குக் கீழே திறக்கிறது. பழைய பருத்திக் குடோனை வாங்கி முதன்முதலாக வகுப்பறை ஆக்கினார்களே, அந்தக் கருங்கல் சுவரையும் மெனக்கெட்டு உடைத்து ஒரு கதவு போட்டிருக்கிறார்கள். கோயிலில் சாமியார் உடுப்பு மாற்றுகிற அறைக்கு ஒரு கதவு இருப்பது நியாயம். அதற்கு எதிர்ப்பக்கம் இன்னொன்று எதற்கு? இந்த வளாகத்தைக் கட்டியவர்களுக்குச் சுவரைக் கண்டாலே கை ஊறியிருக்கிறது என்று என் குறிப்பில் நக்கலாக எழுதியும் வைத்தேன்.

லைப்ரரியில் மட்டும் அந்தக் கதவைக் காணவில்லை. ஒரு பீரோவை நகர்த்தச் சொல்லிப் பார்த்தால் பின்னால் ஒளிந்திருந்தது. தாழ்ப்பாளில் கை வைத்ததும் எனக்கு நினைவு வந்துவிட்டது. நான் முதல் வருடம் சேர்ந்தபோது லைப்ரரி புத்தம் புதுக் கட்டடம். ஆயர் வந்து திறந்துவைத்த மறுநாள் நாங்கள் போனால் முன்கதவு பூட்டிக் கிடந்தது. இந்தக் கதவு வழியாகத்தான் ஒருவர்பின் ஒருவராகக் குனிந்து போய்ப் புத்தகம் எடுத்தோம். ஏன் என்று நாங்கள் கேட்கவே இல்லை. அது ஆடி. எங்கள் வீட்டில் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். ஆவணி பிறந்ததும் ஒருநாள் காலையில் லைப்ரரி வாசலில் அடுப்புக் கூட்டிப் பால் காய்ச்சினார்கள். பொங்கி வழிந்தபிறகு முன்கதவைத் திறந்தார்கள். சிஸ்டர்மாரும் எங்களோடு வரிசையில் நின்று பால் வாங்கிக் குடித்தார்கள். யாரும் அதைப் படம் எடுக்கவில்லை. அதனால் எந்த ஆண்டு மலரிலும் அது இல்லை.

ஆடியில் குடி போகக் கூடாது. பதினெட்டாம் பெருக்குக்குத் தாலிக்கயிறு மாற்றலாம், விதை போடலாம், குடி மட்டும் போகக் கூடாது. கொத்தனார், சித்தாள், படிக்க வந்த பிள்ளைகள் எல்லாரும் இந்தப் பள்ளத்தாக்கில் விவசாயம் பார்க்கிற சம்சாரி வீட்டு ஆட்கள். சிஸ்டர்மாருக்கோ புனித நீர் தெளித்ததோடு கட்டடம் சுத்தம். பாடமும் நடக்க வேண்டும், யார் மனமும் நோகக் கூடாது. அதற்காகத்தான் இந்தக் கதவு. முன்வாசலில் நுழைந்தால்தான் குடி போனதாக அர்த்தம், பக்கவாட்டில் நுழைந்தால் சும்மா போய் வந்ததாக அர்த்தம். என் நக்கல் வரியை அடித்தேன். எனக்கு அன்று முழுக்கச் சிரிப்பாகவும் பெருமையாகவும் இருந்தது.

நான் கதவு எண்ணிய அந்த ஆடியில்தான் காற்று குடோனின் கூரையைத் தூக்கியது. குடோனில் அப்போது வகுப்பு நடக்கவில்லை. மேகமலைத் தேயிலை எஸ்டேட்டுகளின் தொழிலாளர் லைன் வீடுகளிலிருந்து வருகிற பிள்ளைகளுக்கு அது இலவச விடுதி. ஒரு சாயங்காலம் பிள்ளைகள் சாப்பாட்டுக்குப் போயிருந்த நேரத்தில் ஓடுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பறந்தன. நல்லவேளை, யாருக்கும் ஒரு கீறல் இல்லை. பாய் தலையணையோடு அவர்களை ஹாலுக்கு மாற்றினோம்.

அவர்களுக்கென்று புது விடுதி ஒன்று கட்டி முடிகிற நிலையில் இருந்தது. மதர் விரட்டிய விரட்டில் தேவதானப்பட்டி மேஸ்திரி சுண்ணாம்பு காய்வதற்குள் மின்விசிறி மாட்டினார். அந்த வாரமே ஆயரும் வந்தார். மேஸ்திரி கண்ணேறுக்காகக் கட்டியிருந்த பூசணிக்காயைச் சிஸ்டர்மார் கடைசி நேரத்தில் பார்த்துவிட்டு, கழற்ற மனமில்லாமல் அதைச் சுற்றிப் பலூன் கட்டி மறைத்தார்கள். ஆயர் மந்திரித்தார், நாங்கள் எல்லாரும் உள்ளே போய்ப் பார்த்து வந்தோம். அங்கே தங்கப் போகிற பிள்ளைகள் மட்டும் வெளியே நின்று பாட்டுப் பாடினார்கள், லட்டு வாங்கினார்கள், திரும்பி ஹாலுக்குப் போய்விட்டார்கள்.

மதர் முதலில் ஏன் என்று கேட்டார், பிறகு கோபப்பட்டார். பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்களே தவிர ஒருத்தியும் நகரவில்லை. அவர்களுக்குத் தலைவி மாதிரி ஒரு பெண் இருந்தாள். இயற்பியல் கடைசி வருடம், நன்றாகப் படிப்பவள். அவள் அசைந்தால்தான் மற்றவர்கள் அசைவார்கள். அவளோ, வீட்டில் கேட்காமல் முடியாது மதர் என்று சொல்லிவிட்டாள். வீட்டில் கேட்டதற்குப் பதிலாக மறுநாள் அவளுடைய அப்பாவே மலையிலிருந்து இறங்கி வந்துவிட்டார்.

மகளைக் கூட்டிப் போகத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். ஆடியில் வீட்டுக்குப் போன பெண்கள் ஆவணியில் திரும்பாமல் போனதை நான் பார்த்திருக்கிறேன். ஆவணி பிறந்தால் முகூர்த்தம் ஆரம்பித்துவிடும். வீட்டில் சும்மா இருக்கிற பெண்ணை யாராவது வந்து பார்த்துவிடுவார்கள். இல்லாவிட்டால் எஸ்டேட்டில் ஆள் குறைகிறது என்று கொழுந்து பறிக்கப் போவாள். இன்னும் ஒரு வருடம் இருந்தால் பட்டம் வாங்கிவிடுவாள். அவள் போனால் மற்றவர்களும் போவார்கள்.

மதரின் அறையில் அவரை உட்காரச் சொன்னோம். அவர் உட்காரவில்லை. ஹாலை எட்டிப் பார்த்துவிட்டு வந்திருந்தார். கதவிடுக்கெல்லாம் காற்று ஊளையிடுகிற இடத்தில் பொம்பளைப் பிள்ளைகள் எப்படிப் படுப்பார்கள் என்று தன்மையாகத்தான் கேட்டார். அதனால்தான் புது விடுதிக்குப் போகச் சொல்கிறோம், ஆயரே வந்து மந்திரித்த இடம், ஒன்றும் ஆகாது என்று மதர் எடுத்துச் சொன்னார்.

"மந்திரிச்சதெல்லாம் சரிதாம்மா. நானும் மாதா கோயிலுக்கு மெழுகுவத்தி ஏத்துறவன்தான். ஆனா ஆடியில குடி போனா ஆகாதுன்னு இவ ஆத்தா ஒத்தக்கால்ல நிக்கிறா. கூட்டிட்டுப் போயிட்டு ஆவணியில கொண்டாந்து விட்டுருதேன்" என்றார்.

மகள் கதவோரமாக நின்றாள். கையில் பை இருந்தது. அழவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே என்று சின்ன வயதிலிருந்து எனக்குச் சொல்லி அலுத்தவர்கள் பலர். அன்றைக்கும் நான் கேட்கவில்லை. "மதர், நம்ம வளாகத்துல ஆடியில திறக்காத கட்டடமே கிடையாது. எப்படித் திறந்தாங்கன்னு வந்து பாருங்க" என்று எழுந்துவிட்டேன். அப்பாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு லைப்ரரிக் கதவு, லேப் கதவு, ஹாலின் மேடைக்கதவு எல்லாவற்றையும் காட்டினேன். வழியெல்லாம் நான் ஒருத்தியே பேசிக்கொண்டு வந்தேன். பெண்ணின் அப்பா கோயிலின் சின்னக் கதவைத் திறந்து, குனிந்து உள்ளே பார்த்துவிட்டு, "அப்ப சரி, இப்படின்னா போகலாம்" என்றார். எனக்கு நிம்மதியாக மூச்சு வந்தது.

பிறகு புது விடுதிக்குப் போனோம். அவர் கட்டடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். சென்னையிலிருந்து வந்து வரைபடம் போட்ட என்ஜினியர், பெண்கள் விடுதிக்குப் பாதுகாப்பு முக்கியம் என்று ஒரே ஒரு வாசல்தான் வைத்திருந்தார். பளபளவென்று கண்ணாடிக் கதவு. பக்கவாட்டில் சுவர் மொழுமொழுவென்று இருந்தது. மந்திரிப்பு நாளில் நானும் அதைச் சுற்றி வந்தவள்தான். எல்லாக் கட்டடத்திலும் கதவு எண்ணியவளுக்கு அன்றைக்கு அது உறைக்கவே இல்லை.

மதர் அந்தச் சுவரில் கை வைத்துப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்க்காமலே சொன்னார்.

"எங்க வீட்டிலயும் கர்க்கடகத்துல ஒண்ணும் தொடங்க மாட்டாங்க. நான் மடத்துல சேரப் பெட்டி கட்டி வச்சிருந்தேன். அப்பச்சன் விடலை. சிங்ஙம் பிறந்த பிறகுதான் கொண்டுவிட்டார்."

மலையாளிகளுக்குக் கர்க்கடகம் என்றால் நமக்கு ஆடி. சிங்ஙம் என்றால் ஆவணி, அப்பச்சன் என்றால் அப்பா. இத்தனை வருடத்தில் மதர் இதை என்னிடம் சொன்னதில்லை. எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அதற்குள் அவர் மேஸ்திரிக்குப் போன் போட்டுவிட்டார்.

மேஸ்திரி வந்தார், விஷயத்தைக் கேட்டார், ஆடியில் புது வேலை தொடங்க மாட்டேன் என்று கையை விரித்தார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல வந்தது. மதர் அசரவில்லை. இது புது வேலை இல்லை, பழைய வேலையில் விட்டுப்போனது, கட்டடம் இன்னும் முடியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றார். முடியாத கட்டடம் என்றால் குடி போவது என்ற பேச்சுக்கே இடமில்லையே என்று மேஸ்திரிக்கு முகம் மலர்ந்துவிட்டது. உடனே ஆள் வந்தது. துணி துவைக்கிற பக்கத்துச் சுவரில் சம்மட்டி இறங்கியது. பிள்ளைகள் ஹாலில் இருந்து ஓடிவந்து வேடிக்கை பார்த்தார்கள். ஒவ்வொரு செங்கல் விழும்போதும் கை தட்டினார்கள். ஆயர் வந்து திறந்தபோதுகூட இவ்வளவு கைதட்டல் இல்லை.

ஆள் நுழைகிற அளவு ஆனதும் கதவு நிலைக்கு அளவெடுக்கட்டுமா என்று மேஸ்திரி கேட்டார். பெண்ணின் அப்பா அவசரமாகக் குறுக்கே வந்தார்.

"நிலை வைக்காதீக மேஸ்திரி. நிலை வச்சா அது வாசலாயிரும். இப்போதைக்கு ஓட்டையாவே இருக்கட்டும்."

ஓட்டைக்கு ஒரு தார்ப்பாயைத் தொங்கவிட்டு, உள்பக்கம் இழுத்துக் கட்ட வழி செய்தோம். காவல்காரர் நாற்காலி அங்கே போனது. பிள்ளைகள் பாய் தலையணையோடு ஒவ்வொருத்தியாகக் குனிந்து உள்ளே போனார்கள். பெட்டிகளை மட்டும் ஹாலிலேயே விட்டார்கள். பெட்டி அங்கன இருக்கிற வரைக்கும் நாங்க அங்கனதான் இருக்கோம் ஆத்தா என்று அந்த இயற்பியல் பெண் போனில் அம்மாவிடம் விளக்கிக்கொண்டிருந்தாள். வரலாற்றுத் துறையில் நாங்கள் இதைவிட மோசமான வாதங்களுக்கெல்லாம் டாக்டர் பட்டம் கொடுத்திருக்கிறோம்.

ஆவணி பிறந்து பால் காய்ச்சியது, கண்ணாடிக் கதவு வழியாகப் பிள்ளைகள் பெட்டியோடு உள்ளே போனது எல்லாம் பல்கலைக்கழக மலரில் படத்தோடு இருக்கிறது. நான் எழுதிய கட்டட வரலாறும் இருக்கிறது. சுவர் உடைத்த அன்று சாயங்காலம் அவளுடைய அப்பாவை வழியனுப்பப் போனது மட்டும் அதில் இல்லை.

மலைக்குக் கடைசி பஸ் போய்விடும் என்று அவர் அவசரமாக நடந்தார். கேட் வரைக்கும் நானும் கூடப் போனேன். காற்று மண்ணை வாரி முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. எனக்கு மனசு ஆறவில்லை. நல்லபடியாக முடிந்துவிட்டது, ஆனால் அந்தச் சுவரை உடைத்திருக்காவிட்டால் இந்த மனிதர் அவளைக் கூட்டிக்கொண்டுதானே போயிருப்பார்? அதைக் கேட்டும்விட்டேன். நடுவில் நிறுத்திவிட்டால் அந்தப் பிள்ளையின் கதி என்ன என்று யோசித்தீர்களா என்று கொஞ்சம் கடுமையாகவே கேட்டேன்.

அவர் நின்றார். துண்டால் கண்ணில் விழுந்த தூசியைத் துடைத்துக்கொண்டார்.

"கூட்டிட்டுப் போகவா டீச்சர் வந்தேன்? அதுக்குப் போன்ல சொன்னாப் போதாதா, அவளே பஸ் ஏறி வந்திருப்பா. நீங்கள்லாம் படிச்சவுக. யாராச்சும் ஒரு வழி சொல்லுவாகளான்னுதானே மலை இறங்கி வந்தேன்."

பஸ் வந்தது. அவர் ஏறிக்கொண்டு, போய்ப் பிள்ளையைப் பாருங்க டீச்சர் என்று கையைக் காட்டினார்.