பல் டாக்டரிடம் ஒரு புறப்பாடு

இதை எழுதலாமா கூடாதா என்று பல வருஷம் தயங்கியிருக்கிறேன். பேனாவை எடுப்பேன், அபசாரம் என்று தோன்றும், மூடி வைத்துவிடுவேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். ஸ்ரீரங்கத்தில் பெருமாள் வீதிக்கு எழுந்தருளும்போது பல்லக்குச் சுமக்கும் கைங்கர்யம் எனக்கு. எழுந்தருளுவதை நாங்கள் பேச்சில் ‘ஏள்றது’ என்போம். அந்தத் தோளில் வேறொருவரை ஏற்றிக்கொண்டு பெருமாள் என்று சொல்லலாமோ? சொன்னேன்.

அறுபதுகளின் தொடக்கம். என் பெண்ணுக்கு ஏழு வயது. கடைவாய்ப் பல் சொத்தையாகிக் கன்னம் கொழுக்கட்டை மாதிரி வீங்கிவிட்டது. மூன்று நாளாகக் கஞ்சித் தண்ணீர்தான். திருச்சியில் தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு மாடியில் பல் டாக்டர் இருந்தார். அழைத்துப் போனேன். அவர் வாய்க்குள் விரலை விட்டார். கடித்துவிட்டாள்.

“நாளைக்குள்ள எடுக்கலேன்னா சீழ் மேல ஏறிடுங்க. எப்படியாவது சமாதானம் பண்ணிக் கூட்டிட்டு வாங்க” என்றார், விரலை உதறிக்கொண்டே.

மறுநாள் காலை வாசற்படிக்கு உள்ளே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

“தாயார் என்னிக்காவது படி தாண்டுவாளா அப்பா? நானும் தாண்ட மாட்டேன்.”

பெருமாளின் தேவியான எங்கள் ஊர்த் தாயார் கோயிலை விட்டு வீதிக்கு ஏளுவதே இல்லை. உள்ளிருந்து என் மனைவி, “கதை கதையா சொல்லிக் குடுத்தேளோன்னோ, அனுபவியுங்கோ!” என்றாள்.

“சரிடி, நீ தாயாரா வேண்டாம். பெருமாளா ஏளு. நான் சுமக்கறேன்” என்று சொல்லிவிட்டேன்.

அழுகை நின்றது. “குடை?”

மனைவி மழைக்குடையை நீட்டினாள்.

“நாயனம்?”

“நானே வாயால வாசிக்கறேன், போறுமா?”

அவளைத் தோளில் வைத்துக்கொண்டு, பீப்பீ என்று ஊதியபடி பஸ் நிற்கும் இடம் வரை போனேன். தெருவே சிரித்தது. காவிரிப் பாலத்தில் பஸ் குலுங்கியபோது, “சுமக்கறவா சரியில்லை” என்று வீங்கிய வாயோடு கண்டக்டரிடம் குறை சொன்னாள்.

“சாமிக்கு அரை டிக்கெட்தானே, அவ்வளவுதான் சுமப்போம்” என்றார் அவர்.

டாக்டரின் நாற்காலியைப் பார்த்ததும் விளையாட்டெல்லாம் போய்விட்டது. என் குடுமியை இறுகப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் கீழே இருந்த கட்டையைக் காலால் மிதித்தார். காலி நாற்காலி மெல்ல உயர்ந்தது. குடுமிப் பிடி தளர்ந்தது.

“அப்பா, தானே ஏள்றது!”

“ஏறி உக்காருங்க சாமி” என்றார் டாக்டர், விரலில் கட்டோடு.

உட்கார்ந்தாள். மூன்று தடவை ஏற்றச் சொன்னாள், மூன்று தடவை இறக்கச் சொன்னாள். வாயை மட்டும் திறக்கவில்லை.

“ஏண்டி கண்ணா?”

“எல்லார் எதிரேயுமா பெருமாள் அமுது செய்வார்? திரை போட வேண்டாமா?”

நியாயம்தானே! பெருமாளுக்கு நைவேத்யம் ஆகும்போது திரை போடுவதுதான் வழக்கம். மேல்துண்டை விரித்தேன். மறுமுனையைப் பிடிக்க அங்கே இருந்தவர் ஒருவர்தான். காந்தி மார்க்கெட்டில் வாழைக்காய் மண்டி வைத்திருந்த பாய், தானும் பல்வலியோடு, தாடையைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டு காத்திருந்தார்.

“குடுங்க சாமி, நான் பிடிக்கிறேன்” என்று எழுந்து வந்தார்.

திரைக்கு இந்தப் பக்கம் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. “ஊசி எறும்பு மாதிரி கடிக்கும், பொய் சொல்ல மாட்டேன்” என்று டாக்டரின் குரல். கொஞ்ச நேரம் பொறுத்து, தட்டில் ஏதோ வைக்கும் ஓசை. ஒரு வீறல். எத்தனையோ பாரம் சுமந்திருக்கிறேன், அந்தத் துண்டு போல் எதுவும் கனத்ததில்லை. “ரங்கா, ரங்கா” என்று முணுமுணுத்தேன்.

“துண்டு தொங்குது சாமி, நல்லாப் பிடிங்க” என்றார் பாய். அவர் முனையும்தான் தொங்கியது.

“திரையை எடுக்கலாம்” என்றார் டாக்டர்.

வாயில் பஞ்சு. கன்னமெல்லாம் கண்ணீர். ஒரு கையில் பல். மறு கையை அபயஹஸ்தமாகத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்! டாக்டர் தலைக்கு மேலிருந்த விளக்கைப் பிடித்துக் கற்பூர ஆரத்தி போல ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார். மூன்று பெரியவர்களும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அவளும் பஞ்சோடு சிரித்தாள். அடுத்து பாய் நாற்காலியில் ஏறினார். “எனக்கும் திரை பிடிம்மா” என்றார். ஸ்டூல் மேல் நின்று அவள் ஒரு முனை, நான் ஒரு முனை.

அன்று மாலை ரசஞ்சாதம் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். எனக்குத்தான் உறுத்தல். பெருமாளின் அடுத்த புறப்பாட்டில் பல்லக்குத் தண்டுக்குத் தோள் கொடுத்தபோது மனசுக்குள் எல்லாவற்றையும் பெருமாளிடம் சொல்லிவிட்டேன். பாரம் எப்போதும் போலவே இருந்தது. ஒரு இம்மி கூடவில்லை. அது போதும் எனக்கு.

அப்புறம் எங்கள் தெருவில் எந்தக் குழந்தைக்குப் பல்வலி என்றாலும் என் மேல்துண்டை இரவல் கேட்டு வருவார்கள். கூடவே கதையும் வளர்ந்துவிட்டது. விளக்கு தானாக எரிந்ததாம், பல் தானாக விழுந்ததாம். இல்லவே இல்லை. டாக்டர்தான் பிடுங்கினார். அவளுக்கு வலித்தது, அழுதாள், பிறகு சிரித்தாள். நீங்கள் யாருக்காவது சொல்வதானால், அந்த வலியையும் விடாமல் இப்படியே சொல்லுங்கள். மாற்றிச் சொன்னால் குழந்தைகள் கண்டுபிடித்துவிடும். அப்புறம் பாவம், டாக்டரின் விரலைத்தான் கடிக்கும்.