ஜேடர்பாளையத்தில் மீன் வறுத்த கேக் மாஸ்டர்

நான் வேலை பார்க்கும் சென்னை ஹோட்டலில் சமையலறையை இடித்துக் கட்டுகிறார்கள். அது முடியும்வரை எங்களுக்குச் சம்பளமில்லாத விடுப்பு. மேலாளர் அதற்கு ‘சுவைப் பயணம்’ என்று பெயர் வைத்திருக்கிறார். அந்தப் பயணத்தில்தான் இப்போது ஜேடர்பாளையம் காவிரித் தடுப்பணை ஓரம் ஒரு மீன் கடை முன்னால் நிற்கிறேன்.

கடைக்கார அம்மா கல்லில் மீனைத் திருப்பியபடியே கேட்கிறார்: “ஏனுங்க, என்ன வேலைங்க?”

“பெரிய ஹோட்டல்ல செஃப்.”

“அப்படீன்னா?”

“சமையல்.”

அவர் முகம் மலர்கிறது. “நல்லதாப் போச்சுங்க. எங்கூட்டுக்காரரு ஐஸ் வாங்கப் போயிட்டாரு. நா ஊட்டுக்குப் போயி மசால் எடுத்துட்டு வந்தர்றேன். சித்த நேரம் கல்லைப் பாத்துக்குங்க.”

கரண்டியை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார். நான் கேக் மட்டுமே செய்பவன் என்று சொல்ல இடமே தரவில்லை.

வெந்த மீனை வாழை இலையில் வைக்கிறேன். கை சும்மா இருக்கவில்லை. வெங்காயத்தைப் பூவாக வெட்டி, எலுமிச்சையை விசிறியாக விரித்து வைக்கிறேன். வாங்கியவர் இலையைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறார்.

“ஏனுங்க, மீனுக்குக் கண்ணாலமுங்களா?”

அப்போது துபாயிலிருந்து பழைய சக ஊழியன் போனில் அழைக்கிறான். “லீவுல என்னடா பண்றே?”

“காவிரிக்கரை உணவு பத்தி ஆராய்ச்சி” என்கிறேன் கம்பீரமாக.

மசால் டப்பாவோடு திரும்பி வரும் அம்மாவின் குரல் துபாய்வரை கேட்கிறது: “மாஸ்டரு, போனை வெச்சுப்போட்டு மீனைத் திருப்புங்க, கருகுது!”