சரஸ்வதி பூஜையில் மாட்டிக்கொண்ட துப்பறியும் கதை

என் மகள் ஆறாவது படிக்கிறாள். அவளுக்குக் கதைப் புத்தகம் தேர்ந்தெடுப்பதில் நான் பெரிய கெட்டிக்காரி என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். நினைப்புதானே பிழைப்பைக் கெடுக்கும். முதலில் தீவில் புதையல் தேடும் சாகசக் கதை ஒன்றை வாங்கித் தந்தேன். "இவ்ளோ தூரம் போறாங்களே, இவங்களை ஊட்ல ஆருமே தேட மாட்டாங்களாம்மா?" என்று கேட்டு மூடிவிட்டாள். அடுத்தது, பறக்கும் குதிரையும் பேசும் மரமும் வரும் தடிமனான மாயாஜாலக் கதை. பாதிவரை ஆசையாகப் படித்தாள். நடுவில் காலாண்டுத் தேர்வு வந்தது. தேர்வு முடிந்து திரும்பியபோது கதையில் யார் யாரென்பதே மறந்துவிட்டது. அதோடு சரி. படிக்கும் ருசி இவளுக்கு ஒட்டாமலே போய்விடுமோ என்று எனக்கு உண்மையிலேயே பயம் வந்துவிட்டது.

இந்த முறை குமணன்சாவடிப் புத்தகக் கடையில் நான் வாயைத் திறக்காமல் ஓரமாக நின்றேன். கதை பிடித்துவிட்டால் அவள் பின்னலின் நுனியைக் கடிப்பாள். ஒரு துப்பறியும் கதையின் முதல் பக்கத்திலேயே பின்னல் வாய்க்குப் போனது. அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில், வீட்டுக்கு வீடு ஒற்றைச் செருப்பு மட்டும் காணாமல் போகிறது. உடனே வாங்கிவிட்டேன். பாரிவாக்கம் போகும் ஷேர் ஆட்டோவில் படிக்க ஆரம்பித்தவள், சாப்பிடும்போதுகூடக் கீழே வைக்கவில்லை. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

கடைசி அத்தியாயம் பாக்கி இருக்கும்போது சரஸ்வதி பூஜை வந்தது. என் கணவருக்கு மண்ணூர்பேட்டையில் லேத் பட்டறையில் வேலை. அங்கே பூஜையை முடித்துவிட்டுப் பொரிப் பொட்டலத்தோடு வந்தவர், அதே வேகத்தில் வீட்டிலும் புத்தகங்களை அடுக்கினார். நானும் மகளும் சமையலறையில் சுண்டலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம். கற்பூரம் காட்டிய பிறகுதான் அவள் கவனித்தாள். பாடப் புத்தகங்களுக்கு நடுவே, சந்தனம் குங்குமத்தோடு அவளுடைய துப்பறியும் கதை! பூஜையில் வைத்த புத்தகத்தை மறுநாள் மறுபூஜை முடியும்வரை தொடக் கூடாது. பாடப் புத்தக விஷயத்தில் இந்த விதியை அவளைப் போலச் சந்தோஷமாகக் கடைப்பிடிப்பவர் கிடையாது. இப்போது கண் கலங்கி நின்றாள்.

"அத்த ஏன்யா வச்ச? ஒரு வார்த்த கேக்க மாட்டியா?" என்று அவர்மேல் பாய்ந்தேன்.

"கத புக்குன்னா சரஸ்வதி இல்லியா? கொயந்த எந்நேரமும் அத்ததான் வச்சிகினு கீது. அதான் மொதல்ல அத்த எடுத்து வச்சேன்."

கதை படிப்பதும் படிப்புதான் என்று இந்த வீட்டில் கத்திக்கொண்டிருந்ததே நான்தான். சுண்டலைப் பரிமாறப் போய்விட்டேன்.

அன்று மாலை அவள் டிவி பார்த்தாள், கீழ்வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடினாள். புத்தகத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. போச்சு, இதுவும் ஆறிப்போய்விட்டது என்று மனசுக்குள் புழுங்கினேன்.

விஜயதசமி காலை நான் எழுந்தபோது, அவள் குளித்து ஈரத் தலையோடு சாமி முன்னால் உட்கார்ந்திருந்தாள். "சீக்கிரம் கற்பூரம் ஏத்தும்மா" என்று அதட்டல் வேறு. எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

மறுபூஜை முடிந்ததும் ஏதாவது ஒரு புத்தகத்தில் நாலு வரி படிப்பது வழக்கம். எப்போதும் கணக்குப் புத்தகத்தில் எதையோ முணுமுணுத்துவிட்டு ஓடுபவள், கதைப் புத்தகத்தை உருவி, கடைசி அத்தியாயத்தைச் சத்தமாகவே படித்தாள். நாலு வரி நாலு பக்கமானது. கணவர் சட்டைப் பொத்தானைப் போட மறந்து நின்றார். பட்டறைக்கு நேரமாகிறது என்று நான் சொன்னது அவர் காதில் விழவில்லை. திருடன் மாட்டப்போகும் இடத்தில் அவள் குரலை நிறுத்தி, மீதியைத் தனக்குள் படித்து முடித்துப் புத்தகத்தை மூடினாள்.

"ஏய், ஆருன்னு சொல்லு. ஒத்த செருப்ப வச்சிகினு அவன் இன்னாதான் பண்ணான்?" என்றார் கணவர்.

"சொல்ல மாட்டேன்ப்பா. மொதல்லேர்ந்து நீயே படி."

அவர் சாப்பாட்டுப் பையில் டிபன் பாக்ஸுக்கு மேல் அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு பட்டறைக்குக் கிளம்பிவிட்டார். திருடன் யாரென்று தெரியாமல் சாயங்காலம்வரை நான்தான் தவித்துக்கொண்டிருந்தேன்.